படத்தில் பார்த்ததே பெட்டியிலும் வரட்டும்

கடை விரிப்போம் – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைனில் விற்பதற்குப் படம் எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் கட்டுக்கட்டாக வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயர் மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன். கடிதங்களைப் படித்ததில் ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடத் தோன்றுகிறது. எல்லாரும் படம் அழகாக வரவில்லையே என்றுதான் கவலைப்படுகிறீர்கள். ஆனால் பொருள் திரும்பி வந்த கதைகளை நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒன்றில்கூட அழகு பிரச்சினை இல்லை. படம் ஒன்று சொல்லியிருக்கிறது, பெட்டிக்குள் வேறொன்று இருந்திருக்கிறது. அதனால் கீழே வரும் பதில் எல்லாமே அந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, பர்கூரில் மொத்தமாகப் புடவை எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். கத்தரிப்பூ நிறப் புடவை படத்தில் நீலமாக விழுகிறது. ஹாலில் ட்யூப்லைட் போட்டு, ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் எடுக்கிறேன். "கலர் வேற" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஃபோனை மாற்றணுமா? – வாசகி, போச்சம்பள்ளி

பதில்: ஃபோனை மாற்ற வேண்டாம், அந்த ட்யூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் ஒரு நிறம், ட்யூப்லைட் ஒரு நிறம், பூஜை அறையில் மஞ்சள் பல்பு எரிந்தால் அது இன்னொரு நிறம். நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிபண்ணிக்கொள்ளும். கேமராவால் அது முடியாது. மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு கணக்குப் போட்டு, புடவையின் ஒரு பக்கத்தை நீலமாகவும் மறுபக்கத்தை மஞ்சளாகவும் காட்டிவிடும். பகலில் எடுக்கும்போது வீட்டில் ஒரு விளக்கும் எரியக் கூடாது. நேர் வெயில் உள்ளே விழாத ஜன்னலாகப் பாருங்கள், வடக்குப் பார்த்த ஜன்னலோ வாசலோ இருந்தால் வருஷத்தில் பல மாதம் நாள் முழுக்க ஓரளவு சீரான வெளிச்சம் கிடைக்கும். பக்கத்துச் சுவர் பச்சையோ ரோஸோ என்றால் அந்த நிறமும் துணியில் ஏறும், அதையும் கவனியுங்கள்.

கத்தரிப்பூ, ஊதா, மெஜந்தா இந்த மூன்றும் எந்த கேமராவுக்கும் கஷ்டமான நிறங்கள்தான். அதனால் வெளிச்சம் சரியாக இருந்தாலும் கொஞ்சம் தப்பி விழும். எடுத்த பிறகு அதே ஜன்னல் ஓரத்தில் புடவையை ஃபோன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எடிட்டிங் ஆப்பில் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இரண்டும் ஒன்றாகத் தெரிகிறவரை சரிசெய்யுங்கள். அதற்கு முன்னால் ஃபோனின் டிஸ்ப்ளே செட்டிங்கைப் பாருங்கள். அங்கே "விவிட்" என்றிருந்தால் எல்லா நிறத்தையும் ஏற்றித்தான் காட்டும், "நேச்சுரல்" என்று மாற்றுங்கள். கண்ணுக்கு இதமாக என்று திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் வீட்டில் இன்னொருவர் ஃபோனில், முடிந்தால் விலை குறைந்த ஃபோனில், ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள். வாங்குகிறவர் அப்படி ஒரு திரையில்தான் பார்க்கப்போகிறார்.

பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறமாக நெய்த புடவை என்றால் கோணம் மாறும்போது நிறமும் மாறும். அதை ஒரே படத்தில் காட்ட முடியாது. நேராக ஒன்று, சாய்த்து ஒன்று என்று இரண்டு படம் போட்டு, விளக்கத்திலும் "இரட்டை நிறம்" என்று எழுதிவிடுங்கள். முந்தானை, பார்டர், உடல், ரவிக்கைத் துணி நான்கும் தனித்தனியாக இருக்கட்டும். கடைப் பொம்மையில் கட்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமேசானில் முதல் படத்தில் பொம்மை தெரியவே கூடாது, எனவே மடித்து வைத்தோ ஆள் கட்டியோ எடுங்கள்.

இன்னொன்று, "கலர் லேசா மாறும்னு போட்டிருக்கேனே" என்று சொல்லித் தப்பிக்க நினைக்க வேண்டாம். விளம்பரத்தில் காட்டிய தன்மையில் பொருள் இல்லையென்றால் விற்பவர் அதைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளே சொல்கின்றன. உங்கள் படமும் விளம்பரம்தான்.

கேள்வி: கொட்டை எடுத்த புளியும் சாமை அரிசியும் அரை கிலோ பாக்கெட் போட்டு விற்கிறோம். வெள்ளை சார்ட் பேப்பர் வைத்துத்தான் எடுத்தேன், ஆனாலும் பின்னணி வெள்ளையாக இல்லை என்று தளத்தில் ரிஜெக்ட் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். அழகுக்குப் பக்கத்தில் செம்பும் வாழையிலையும் வைத்திருந்தேன். – வாசகர், அரூர்

பதில்: இரண்டு தனித்தனிப் பிரச்சினை இது. முதலில் வெள்ளை. கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஃப்ரேம் முழுக்க வெள்ளைத் தாள் தெரிந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து அதுவாகவே குறைத்துவிடும், உங்கள் வெள்ளைத் தாள் சாம்பலாகிவிடும். திரையில் பாக்கெட்டைத் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேலே தள்ளுங்கள். கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடு இருந்தால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 வைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் எழுத்து மங்காத அளவுக்கு மட்டும் ஏற்றினால் போதும்.

சார்ட் பேப்பரை மேசைமேல் தட்டையாகப் போடாமல், மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழே மேசை வரைக்கும் மடிப்பு விழாமல் வளைத்து இறக்குங்கள். அப்போதுதான் சுவரும் மேசையும் சேரும் கோடு தெரியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பாக்கெட்டில் நிழல் விழும், அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையை நிற்க வையுங்கள், நிழல் பாதியாகக் குறைந்துவிடும். இவ்வளவும் செய்தால் மிச்சமிருக்கும் லேசான சாம்பலை ஆப்பில் வெள்ளையாக்குவது சுலபம். அமேசான் முதல் படத்துக்குக் கேட்பது சுத்த வெள்ளை, கணினிக் கணக்கில் 255, 255, 255, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவில். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் 245 என்றிருந்தால் பக்கத்தில் அழுக்குச் சதுரமாகத் தெரியும். பின்னணியை அழிக்கும் ஆப்பைப் பயன்படுத்தினால் முடிந்ததும் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள், உங்களுடையது கண்ணாடிக் கவர் என்பதால் மூலைகளை அது கடித்துத் தின்றிருக்கும்.

அப்புறம் செம்பும் வாழையிலையும். முதல் படத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் பொருள் மட்டும்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போகாத எதுவும் கூடாது. பொருள் ஃப்ரேமில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். "100% இயற்கை", "ஆஃபர்" மாதிரி நீங்களாக மேலே எழுதுவது, கடை முத்திரை, வாட்டர்மார்க் எதுவும் கூடாது. பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பது இருக்கலாம். செம்பில் சாமைப் பொங்கல் வைத்து எடுத்த படம் நன்றாகவே இருக்கிறது, வீணாக்க வேண்டாம், அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போடுங்கள். அளவு நீளமான பக்கத்தில் குறைந்தது 1000 பிக்சல் இருந்தால்தான் வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்க முடியும், 1600-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. இன்றைக்கு எந்த ஃபோனிலும் இது தாராளமாக வரும். ஆனால் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு வெட்டி வெட்டிச் சின்னதாக்கினால் போதாமல் போகும்.

புளிக்குத் தனியாக ஒன்று சொல்லணும், ஏனென்றால் நம் இரண்டு மாவட்டத்திலும் புளி விற்கிறவர்கள் அத்தனை பேர். மாசி, பங்குனியில் புதுப் புளி செம்பழுப்பாக, லேசாக ஈரம் மின்ன இருக்கும்போது படம் எடுத்து வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அதே புளி கறுத்துப் போயிருக்கும். புளியில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் பழைய புளியைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்து வாங்கினவர் கவரைப் பிரித்ததும் "பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள்" என்றுதான் எழுதுவார். அதனால் புளிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது படத்தை மாற்றுங்கள். பாக்கெட் படம் அப்படியே இருக்கலாம், வெளியே கொட்டிக் காட்டும் படத்தை மட்டும் அப்போது கையிலிருக்கும் சரக்கில் எடுத்துப் போடுங்கள். நார் எடுத்ததா இல்லையா என்பது தெரிகிற மாதிரி ஒரு கை புளியைப் பிரித்துக் கிட்டத்தில் எடுத்தால், விளக்கத்தில் நாலு வரி எழுதுவதைவிட அது நன்றாகப் பேசும்.

கேள்வி: கறுப்பு கிரானைட்டில் இடிகல், சின்ன அம்மி எல்லாம் செய்கிறோம். படம் எடுத்தால் கல்லில் நான் தெரிகிறேன், ஃபோன் தெரிகிறது, ஜன்னல் கம்பி தெரிகிறது. இதில் "படத்தில் பெரிசா இருந்தது, வந்தது சின்னது" என்ற புகார் வேறு. அளவை எழுதித்தான் வைத்திருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. – வாசகர், வேப்பனப்பள்ளி

பதில்: உங்கள் கேள்விதான் வந்ததிலேயே எனக்குப் பிடித்தது தம்பி, ஏனென்றால் பாலிஷ் போட்ட கல்லைப் படம் எடுப்பது பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்கே சவால்தான்.

பாலிஷ் போட்ட கல் கண்ணாடி. சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும், எனவே கல்லை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதைச் சரிசெய்யுங்கள். துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்ட் இரண்டை எடுத்து இடமும் வலமும் வைத்து, வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், மேலேயும் ஒரு வேட்டியை விரித்துக் கூடாரம் மாதிரி ஆக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் வேட்டி வழியாக வடிகட்டி உள்ளே வரட்டும். முன்னால் ஃபோன் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி. நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இப்போது ஜன்னல் கம்பிக்குப் பதிலாக வேட்டியின் வெள்ளை, கல்லின் வளைவு ஓரமாக ஒரு நீளக் கோடு போல விழும். கறுப்புக் கல்லுக்கு அந்தக் கோடுதான் உருவமே கொடுக்கும், அது இல்லையென்றால் வெறும் கறுப்பு உருண்டையாகத்தான் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். எடுப்பதற்கு முன் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடையுங்கள். கையால் தொட்ட ரேகையும் கல் தூளும் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

சிலர் எண்ணெய் தடவி எடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வாங்கினவர் வீட்டில் அந்தக் கறுப்பும் பளபளப்பும் ஒரு கழுவலில் போய்விடும், அப்புறம் "சாயம் பூசிய கல்" என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

உள்பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள், இதை யாருமே செய்வதில்லை. இடிகல் வாங்குகிறவருக்கு வெளியே எப்படி மின்னுகிறது என்பது இரண்டாம்பட்சம், உள்ளே கொத்தி விட்டிருக்கிறதா, வழவழ என்று இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வழவழ என்றிருந்தால் மிளகு ஓடும், மசியாது. கல்லை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கிட்டத்தில் எடுத்தால் உளி கொத்திய ஒவ்வொரு புள்ளியும் தெரியும்.

இனி அளவு. ஃபோனைக் கிட்டே கொண்டுபோய், அதுவும் கீழேயிருந்து எடுத்தால், முன்னால் இருக்கும் வாய் பெரிசாகி உள்ளங்கை அளவு கல்லும் ஆட்டுரல் மாதிரி தெரியும். இரண்டு அடி பின்னால் போங்கள். ஃபோனில் தனியாக 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள், 0.5 எக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். இரண்டாவது படத்தில் ஒரு கை குழவியைப் பிடித்திருக்கட்டும், கை எவ்வளவு பெரிது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது படத்தில் கோடு போட்டு உயரம், உள்வாய் அகலம், வெளிவாய் அகலம் மூன்றையும் சென்டிமீட்டரில், எடையைக் கிலோவில் எழுதிவிடுங்கள். முதல் படத்தில்தான் எழுத்துக்குத் தடை, மற்றதில் எழுதலாம். விளக்கத்தைப் படிக்காதவர்கூடப் படத்தை நகர்த்திப் பார்ப்பார்.

கேள்வி: படம் எடுக்கத் தனியாக கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். எது வாங்க? – வாசகி, தருமபுரி

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு நல்ல ஃபோன் ஸ்டாண்ட், வெள்ளை சார்ட் பேப்பர் இரண்டு, தெர்மாகோல் அட்டை ஒன்று. எடுக்கும் முன் லென்ஸை ஒரு சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள், படம் மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, பாதி அதிலேயே சரியாகிவிடும். மாதம் நூறு பொருள் புதிதாக ஏற்றும் நிலை வரும்போது கேமரா பற்றிப் பேசலாம்.

கேள்வி: கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து இரவில்தான் எனக்கு நேரம். எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. – வாசகர், ஓசூர்

பதில்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். அதனால் மட்டமான எல்.இ.டி. பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ப்ரோ மோடில் ஷட்டரை (படம் பதியும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள், பட்டை போய்விடும். 1/50-க்கு ஃபோன் கையில் ஆடும், ஸ்டாண்டில் வைத்து டைமர் போடுங்கள்.

பல்பு இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது, 90-க்கு மேல் பாருங்கள். சாதாரண பல்பில் சிவப்பு வகை நிறங்கள் செத்துப்போய்த் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள், 5000 முதல் 5500 கெல்வின் என்றால் பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பல்புக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி ட்ரேசிங் பேப்பர் பிடித்தால் நிழல் மென்மையாகும்.

இருந்தாலும் வாரத்தில் ஒரு விடுமுறைக் காலை கிடைத்தால், இரவில் கஷ்டப்படாமல் எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஓசூரில் பல நாள் மேகம் மூட்டமாகத்தானே இருக்கிறது, அந்த வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஃபோனை நகர்த்தாமல் எல்லாப் பொருளையும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தால் கடைப் பக்கமே ஒரே சீராக இருக்கும்.

கேள்வி: மாம்பழக் கூழ் டின் விற்கிறேன். பக்கத்தில் நறுக்கிய மாம்பழம் வைத்து எடுக்கலாமா? லேபிளில் எதையெல்லாம் காட்டணும்? – வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: முதல் படத்தில் டின் மட்டும். அடுத்ததில் மாம்பழம் தாராளமாக வைக்கலாம், ஆனால் எந்த மாம்பழம் என்பதில் கவனம் தேவை. டின்னில் பெங்களூரா கூழை அடைத்துவிட்டுப் பக்கத்தில் அல்போன்சாவை நறுக்கி வைத்து எடுக்கிற பழக்கம் இருக்கிறது. அது ஏமாற்றுதான், வேறு பெயர் இல்லை. பெங்களூரா கூழுக்கு அதன் நிறமும் புளிப்பும் தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதே பழத்தை நறுக்கி வையுங்கள். சீசன் முடிவதற்குள் நல்ல பழமாகப் பார்த்து எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், மார்கழியில் தேடினால் கிடைக்காது. டின் வளைவாகவும் மின்னுவதாகவும் இருப்பதால் மேலே வேப்பனப்பள்ளித் தம்பிக்குச் சொன்ன வேட்டிக் கூடாரம் உங்களுக்கும் உதவும்.

லேபிளைப் பொறுத்தவரை, பாக்கெட் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, 2018 ஜனவரி 1 முதல் ஆன்லைன் பக்கத்திலும் தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்ற விவரங்கள் தெரிய வேண்டும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண்ணும் வேண்டும். டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முன்பக்கம், சேர்மானப் பட்டியல், சத்து அட்டவணை மூன்றையும் எழுத்து படிக்கும் அளவுக்கு நேராக எடுங்கள். தயாரித்த மாதம், வருடம் மட்டும் ஆன்லைன் பக்கத்தில் கட்டாயமில்லை. அதனால் அந்த முத்திரை விழாத பக்கமாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பேட்ச் மாறும்போதும் படம் பழசாகிவிடும்.

கேள்வி: நான் எடுத்த மூங்கில் கூடைப் படங்களை வேறொருவர் அப்படியே எடுத்துப் போட்டு என்னைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறார். என்ன செய்யலாம்? நானும் ஆரம்பத்தில் மொத்த வியாபாரி அனுப்பிய படத்தைப் போட்டிருக்கிறேன், அது தப்பா? – வாசகர், பென்னாகரம்

பதில்: நீங்கள் எடுத்த படத்தின் உரிமை எடுத்த நொடியிலேயே உங்களுடையது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. ஸ்டுடியோக்காரருக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஃபோனில் எடுத்த அசல் ஃபைலை அழிக்காதீர்கள், எடுத்த தேதியும் நேரமும் எந்த ஃபோன் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். அதே நேரத்தில் எடுத்து, போடாமல் விட்ட படங்களையும் வைத்திருங்கள். திருடினவரிடம் அது இருக்காது என்பதால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் உரிமை மீறல் புகார்ப் படிவம் இருக்கிறது, இரண்டு பக்கத்தின் முகவரியும் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்து அதில் புகார் கொடுங்கள்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். அமேசானில் ஒரே பொருளுக்கு ஒரே பக்கம்தான், அதில் பல பேர் விற்கலாம். நீங்கள் ஏற்றிய படம் அந்தப் பக்கத்துக்குச் சொந்தமானது மாதிரி எல்லாருக்கும் பொதுவாகத் தெரியும். அவர் உங்கள் பக்கத்திலேயே விலை போட்டிருக்கிறாரா, தனிப் பக்கம் திறந்து உங்கள் படத்தை ஏற்றியிருக்கிறாரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் படப் புகார் நிற்காது. உங்கள் கூடையும் அவர் கூடையும் ஒன்றல்ல என்று வேறு வகையில்தான் காட்ட வேண்டும்.

மொத்த வியாபாரியின் படத்தை அனுமதி கேட்டுப் போட்டிருந்தால் தப்பில்லை, கேட்காமல் போட்டிருந்தால் தப்பு. அனுமதி இருந்தாலும் அது உங்கள் கையிலிருக்கும் கூடை இல்லையே. கையால் பின்னுவது ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும், சீக்கிரம் உங்கள் சொந்தப் படத்துக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ஏ.ஐ. ஆப் ஒன்றில் என் மண்சட்டிப் படத்தைக் கொடுத்தால் அழகான அடுப்படியில் வைத்துக் கொடுக்கிறது. போடலாமா? – வாசகி, நல்லம்பள்ளி

பதில்: பின்னணிக்கு மட்டும் என்றால் போடலாம், முதல் படத்துக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாதிரியை உற்றுப் பார்த்தேன். உங்கள் சட்டியின் வாய் விளிம்பு தடிமனாக, ஒரு பக்கம் லேசாகக் கறுத்திருக்கிறது, சூளையில் தீ பட்ட தடம் அது. ஆப் கொடுத்த படத்தில் விளிம்பு மெலிந்துவிட்டது, கறுப்பு காணோம், மூடியில் உங்களிடம் இல்லாத ஒரு குமிழ் வந்திருக்கிறது! இதை நம்பி வாங்குகிறவர் உங்கள் சட்டியைப் பார்த்து "உடைசல், கருகல்" என்பார். பின்னணி போட்ட பிறகு அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து விளிம்பு, கைப்பிடி, நிறம், விகிதம் நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். அந்தத் தீத்தடத்தைக் கிட்டத்தில் எடுத்து, "சூளையில் சுட்ட தடம்" என்று எழுதி ஒரு படம் போடுங்கள், அதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் வருவார்கள்.

கேள்வி: தம்பி பெங்களூரிலிருந்து ஏற்றித் தருகிறான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு போய்விடுகிறது, என் ஃபோன் ஐஃபோன், சில படம் திறக்கவே இல்லை என்கிறான். – வாசகி, பாப்பாரப்பட்டி

பதில்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று அனுப்புங்கள், அசல் அப்படியே போகும். ஐஃபோனில் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றினால் இனி எடுப்பது ஜேபெக் ஆக வரும், எங்கும் திறக்கும். ஃபைலுக்குப் பொருள் பெயரும் எண்ணும் வைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் தம்பி எந்தப் படம் எதற்கு என்று ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுக் கேட்பார்.

கேள்வி: சிட்டிலிங்கியில் எங்கள் லம்பாடிப் பெண்கள் கையால் போடும் பூத்தையல், குஷன் உறை, பை எல்லாம் விற்கிறோம். படத்தில் மெஷின் தையல் மாதிரியே தெரிகிறது, விலை ஏன் இவ்வளவு என்று கேட்கிறார்கள். – வாசகி, சிட்டிலிங்கி

பதில்: நேராக முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் எந்தத் தையலும் அச்சடித்த மாதிரிதான் தெரியும். துணியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட வெளிச்சத்துக்கு இணையாகப் படுக்க வைத்து எடுங்கள். நூல் துணியிலிருந்து எழும்பி நிற்பதும், ஒவ்வொரு தையலுக்கும் பக்கத்தில் அதன் மெல்லிய நிழலும் அப்போதுதான் தெரியும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் தெர்மாகோல் வேண்டாம், நிழல் இருக்கட்டும். ஒரு விரல் தையலைத் தொட்டபடி இருந்தால் நுணுக்கம் எவ்வளவு என்றும் புரிந்துவிடும்.

பைக்கு உள்ளே துணி கொடுக்காத மாடல் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மெஷின் எம்பிராய்டரியில் பின்னால் பாபின் நூல் ஒரே நிறமாக மூடியிருக்கும். கைத்தையலில் முன்னால் ஓடிய அதே வண்ண நூல்கள் பின்னாலும் ஓடி, அங்கங்கே முடிச்சுப் போட்டு நிற்கும். தையல் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான். கூடவே, ஒரு உறைக்கு எத்தனை நாள் வேலை என்று போட்டவரிடமே கேட்டு அந்தப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்த இதழில் உடையாமல் பார்சல் கட்டுவது பற்றி. கல், மண், கண்ணாடி மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லப்போகிறேன், உங்கள் கேள்விகளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.